ஒழுக்குக்கு மேலே பார்

மருமகனுக்கு,

சொட்டு விழுகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. கார் வேலை பழக வந்த எந்தப் பொடியனுக்கும் நான் முதலில் சொல்லுகிற கதை இதுதான். ஒயில் குழாயின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். கடைசியில் எங்கே ஒரு போல்ட் தலையோ தகட்டு விளிம்போ கீழே நீட்டிக்கொண்டு இருக்கிறதோ, அங்கே திரண்டு சொட்டும். முன்னால் ரேடியேற்றரடியில் ஒழுகினது நடுவில் கியர்பொக்ஸுக்குக் கீழே விழும். பார்க்கிறவன் கியர்பொக்ஸைக் குற்றம் சொல்லுவான்.

உனக்கும் கராஜில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முன் சீல் போய்விட்டது, கியர்பொக்ஸை இறக்க வேணும் என்று. உன் கொர்வெட்டில் அது லேசான சோலி இல்லை. எக்ஸோஸ்ற் கழற்ற வேண்டும். கியர்பொக்ஸையும் பின் டிஃபரென்ஷலையும் இணைத்துக்கொண்டு நீளத்துக்கு ஓடுகிற அலுமினிய உத்திரத்தைக் கழற்ற வேண்டும். ஓட்டுத் தண்டையும் இறக்க வேண்டும். நீ அங்கேயே ஓம் சொல்லிவிடாமல் எனக்கு ஃபோன் எடுத்தாய். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் இந்த வயதிலும் உன் காருக்குக் கீழே போய்ப் படுத்தேன். படுத்தபோது சொன்னதில் பாதி உன் காதில் விழுந்திருக்காது, மிச்சத்தை எழுதுகிறேன். தமிழ் வாசிக்கக் கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் கொடு, வாசித்துக் காட்டுவாள்.

அவள் என்னிடம் முறைப்பாடும் வைத்தாள். "அண்ணை, ரெண்டு பேர் மட்டும் இருக்கிற காரை இவன் என்னத்துக்கு வாங்கினவன்?" நான் பதில் சொல்லவில்லை. இருபத்தைந்து வயதில் வாங்காமல் என் வயதில் வாங்கி என்ன செய்ய, ஏறி இறங்கவே ஒரு ஆள் வேணும். உன் சிநேகிதர்கள் ஓட்டோமற்றிக் என்று பகிடி பண்ணுகிறார்களாம். பண்ணட்டும். 1953இல் முதல் கொர்வெட் மிச்சிகனில் ஃபிளின்ற் நகரத்தில் வெளியே வந்தபோது செய்தது 300 கார்தான், அத்தனையும் இரண்டே கியர் உள்ள ஓட்டோமற்றிக். கையால் கியர் மாற்றுகிறது பிறகு வந்தது. உன்னுடையது நாலாம் தலைமுறை, 1984 தொடக்கம் 1996 வரைக்கும் கென்ரக்கியில் பௌலிங் கிரீனில் செய்தது. 1983 மொடல் என்று ஒன்று விற்பனைக்கே வரவில்லை. சோதனைக்குச் செய்தவற்றில் ஒன்று மட்டும் மிஞ்சி, அந்த ஊர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்தத் தலைமுறையில் எனக்குப் பிடித்தது பொனற்தான். முன் மட்காட்டோடு சேர்த்து ஒரே மூடியாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் ரயரில் குந்திக்கொண்டு எஞ்சினில் வேலை செய்யலாம். மெக்கானிக்கை நினைத்துக் கார் கீறுகிறவர்கள் குறைவு. அந்தப் பொனற்றைக் கீறின ஆள் நினைத்திருக்கிறான்.

இனி விசயத்துக்கு வருகிறேன். ஓட்டோமற்றிக்கில் எஞ்சினின் பலத்தைக் கியருக்குக் கொண்டு போவது ஒயில். எஞ்சின் பக்கத்து விசிறி ஒயிலை வீச, அந்த வீச்சில் எதிர்ப்பக்கத்து விசிறி சுழலும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாத நேரமெல்லாம் அந்த வித்தியாசம் சூடாகிறது. பின்னேரத்தில் 401ஆம் நெடுஞ்சாலையில் நின்று நின்று ஊர்கிறாயே, உன் கியர்பொக்ஸுக்கு அது நல்ல காலம் இல்லை. சூடான ஒயிலை ஒரு இரும்புக் குழாய் முன்னுக்குக் கொண்டுபோகும். ரேடியேற்றரின் பக்கத் தொட்டிக்குள் சின்னக் குளிர்விப்பான் ஒன்று தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. அதற்குள்ளால் போய்ச் சூடு தணிந்து, இரண்டாவது குழாயால் திரும்பி வரும். எஞ்சின் ஆடும், ரேடியேற்றர் ஆடாது. ஆகவே இரும்புக் குழாயின் இடையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் வைத்திருப்பார்கள். வயது போன காரில் ஒழுக்கு அநேகமாக அங்கேதான் தொடங்கும்.

கார் வைத்திருக்கிற பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. குளிர்ந்து திரும்பி வருகிற அந்த ஒயில் சும்மா அடித் தட்டத்தில் போய் விழுவதில்லை. உள்ளே சுற்றுகிற கியர்களையும் புஷ்களையும் நனைக்கிறது அதுதான். ஹோஸ் கழன்றால் சூடும் ஏறும், உள்ளே வறட்சியும் வரும். பம்ப் நிலைமை அறியாது. இருக்கிற ஒயிலை எல்லாம் தெருவில் தள்ளிவிட்டுத்தான் ஓயும். சூடான எக்ஸோஸ்ற்றில் விழுந்தால் பற்றிக்கொள்ளும். கொர்வெட்டின் உடம்பு தகரம் இல்லை, கண்ணாடி நார் கலந்த பிளாஸ்ரிக். பிடித்தால் லேசில் அணையாது. ஒரு கொத்துரொட்டிக் காசுக்குக் கிடைக்கிற ரப்பர் துண்டு கியர்பொக்ஸையும் கொண்டுபோய்க் காரையும் கொண்டுபோகும். விலை உயர்ந்த சாமானைத்தான் எல்லோரும் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். அதை உயிரோடு வைத்திருக்கிற மலிவான சாமானை ஒருவரும் குனிந்து பார்க்கிறதில்லை. வீட்டிலும் அப்படித்தான், அம்மாவின் பிரஷர் குளிசை எத்தனை மிச்சம் இருக்கிறது என்று உன்னிடம் கேட்டால் சொல்லுவாயா?

ஜக் ஸ்டாண்டில் ஏற்றினவுடன் நீ ஸ்பானரை எடுத்தாய். நான் பிரஷைத் தந்தேன். உன் முகம் போன போக்கைக் கண்டேன். முப்பது வருசத்துக்கு மேற்பட்ட பிசுக்கும் புழுதியும் படிந்த இடத்தில் இன்றைய ஒழுக்கைத் தேட முடியாது. எல்லாமே ஈரமாகத்தான் தெரியும். பிரேக் கிளீனர் அடித்து, நைலோன் பிரஷால் உரஞ்சி, பழைய பெனியனால் துடைத்து, இரும்பு இரும்பாகத் தெரியும் வரைக்கும் கழுவ வேணும். காய்ந்த பிறகு பவுடர். குளித்துவிட்டுப் பூசுகிற பவுடர்தான். குழாய் நெடுகிலும் ஒவ்வொரு மூட்டிலும் மெல்லிசாகத் தூவிவிட்டு, மாம்பழப் பெட்டியைத் தட்டையாக விரித்து, சில்லு நிற்கிற இடத்தை அதில் பேனையால் குறித்து, எஞ்சினைச் சூடேற விட்டோம். கராஜ் கதவு திறந்திருந்ததால் குளிர். நீ இரண்டு தரம் ஃபோனைப் பார்த்தாய்.

நிறம் பார்க்கவும் பழகிக்கொள். இந்த ஒயிலுக்குச் சிவப்புச் சாயம் போடுகிறதே மற்றதிலிருந்து பிரித்து அறியத்தான். பழசானால் மண்ணிறமாகும், எரிந்திருந்தால் மணமே சொல்லிவிடும். எஞ்சின் ஒயில் கறுப்பு. ரேடியேற்றர் தண்ணீர் உன் காரின் காலத்தில் பச்சை, விரலில் தேய்த்தால் வழுக்கும், இனித்த மணம் வரும். ஒரு சிக்கல்: பவர் ஸ்டியரிங்குக்கும் இதே சிவப்பு ஒயிலை ஊற்றுகிற ஆட்கள் உண்டு. அதன் குழாயும் அந்தப் பக்கத்தில்தான் ஓடுகிறது. அதனால் சிவப்பைக் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லாதே. ஈரத்தைக் கண்டால் அதன் வழியே மேலுக்கும் முன்னுக்கும் போ. எந்தப் புள்ளிக்கு மேலே பவுடர் காய்ந்து வெள்ளையாக இருக்கிறதோ, அந்தப் புள்ளியில் நில்.

நாங்கள் நின்ற இடம் உனக்கு நினைவிருக்கும். ரேடியேற்றருக்கு ஒரு முழம் பின்னால், கறுப்பு ரேப் சுற்றின ஒரு துண்டு. ரேப்பின் கீழ் விளிம்பில் பவுடர் முதலில் இளஞ்சிவப்பாக ஊறி, பிறகு ஒரு பொட்டாகி, பொட்டு நீண்டு கோடாகிக் குழாய் வழியே பின்னுக்கு நடந்தது. கியர்பொக்ஸ் காய்ந்து கிடந்தது. ரேப்பைக் கத்தியால் கீறி உரித்தோம். கறள் தின்ற குழாயை யாரோ நறுக்கியெறிந்துவிட்டு, இடைவெளியில் ஒரு ரப்பர் துண்டைச் செருகியிருக்கிறான். நறுக்கின நுனியில் விளிம்பு எழுப்பவில்லை, மொட்டைக் குழாய். சூடும் அழுத்தமும் சேர்ந்தால் மொட்டைக் குழாயிலிருந்து ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டே வரும். செருகின ஹோஸும் ஹீற்றருக்குத் தண்ணீர் போகிற ஹோஸ். அந்த ரப்பர் கொதிதண்ணீருக்குத் திறம், ஒயில் பட்டால் ஊறி வீங்கிவிடும். நீ விரலால் அமத்தினாய். பாண் மாதிரி அமுங்கிற்று. துளைப்பல் வைத்த கிளிப் ரப்பருக்குள் வெட்டி இறங்கியிருந்தது. ஒழுக ஒழுக இறுக்கியிருக்கிறார்கள், இறுக்க இறுக்க வெட்டியிருக்கிறது.

"மாமா, இவனெல்லாம் மெக்கானிக்கே?" என்று உனக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. ஏன் என்று அப்போது சொல்ல நேரமில்லை.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வரத் தடை. பெற்றோல் கிடைத்தால் ஆனைவிலை, குதிரைவிலை. ஓடின கார் எல்லாம் எங்கள் அப்பாமார் காலத்து ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஓடினது மண்ணெண்ணெயில். சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலில் சில துளியைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். றோட்டு முழுக்கப் புகை. புதுச் சாமான் என்ற கதைக்கே இடமில்லை. ரேடியேற்றர் ஹோஸ் வெடித்தால் சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டுவோம். பழுதான ஃபிரிட்ஜிலிருந்து கழற்றின செப்புக் குழாய் பெற்றோல் லைன் ஆகும். அந்தக் காரில்தான் பிள்ளைத்தாய்ச்சி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தக் கட்டு வேலையை ஒருவன் பழித்தால் எனக்குப் பொறுக்காது.

ஆனால் எங்கள் கராஜில் ஒரு முறை இருந்தது. கட்டிச் சமாளித்த இடம் எதுவோ அங்கே முதலாளி ஒரு சிவப்புத் துணி நாடாவை முடிந்துவிடுவார். பொனற்றைத் திறந்தால் கண்ணில் அடிக்கும். கார்க்காரரிடமும் சொல்லிவிடுவார்: "இது வழிக்குக் காணும், ஆயுசுக்குக் காணாது. சாமான் வந்தா முதல் வேலை இது." சில காரில் நாலைந்து நாடா தொங்கும். வெட்கப்பட்டு ஒன்றைக் கழற்றின பொடியனை அவர் வேலையால் நிற்பாட்டினதை நான் கண்டேன்.

உன் காரில் இருந்த கட்டு வேலையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். சிவப்பு நாடா இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு ரேப். ஹீற்றர் ஹோஸைச் செருகினவன் ஒரு இரவில் எங்கேயோ வழியில் நின்று, கையில் அகப்பட்டதைப் போட்டு வீடு வந்து சேர்ந்திருக்கலாம். கெட்டிக்காரன் என்றே சொல்லுவேன். ஆனால் அடுத்த நாள் அவன் வாழ்ந்தது சாமான் கடை மூலைக்கு மூலை இருக்கிற நாட்டில். மாற்றாமல் ரேப் சுற்றினான். ரேப் ஒழுக்கை நிற்பாட்டாது, அது அவனுக்கும் தெரியும். வாங்க வருகிறவன் காணக்கூடாது. அதைவிட, தானும் காணக்கூடாது.

திருத்தின விதத்தையும் எழுதி வைக்கிறேன், அடுத்த தரம் நீயே செய்வாய். எஞ்சின் முழுக்க ஆறவேண்டும். ரேடியேற்றரில் குழாய் பூட்டியிருக்கிற இடத்தில் இரண்டு ஸ்பானர் பிடி: ஒன்று குழாயின் நட்டுக்கு, மற்றது ரேடியேற்றரோடு இருக்கிற பொருத்துக்கு. ஒன்றை மட்டும் போட்டுத் திருகினால் பொருத்தும் சேர்ந்து சுற்றித் தொட்டியைக் கிழித்துவிடும். தொட்டி பிளாஸ்ரிக். நட்டுக்குச் சாதாரண வாய் ஸ்பானர் வேண்டாம், மூலை மழுங்கிவிடும். குழாயைச் சுற்றி முக்கால்வாசி வளைத்துப் பிடிக்கிற ஸ்பானர் இருக்கிறது, என் பெட்டியில் மேல்தட்டில். கறள் பிடித்திருந்தால் ஊறவிடுகிற ஒயிலை அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போ. நீ பலம் கொடுத்துத் திருகப் பார்த்தாய், நான் கையைப் பிடித்தேன். ஒன்ராறியோவில் உப்புப் போடுகிற றோட்டில் ஓடின காரின் நட்டோடு மல்லுக்கட்டி வென்றவன் இல்லை, ஊறவிட்டவன்தான் கழற்றியிருக்கிறான்.

குழாய்க்குப் பழையபடி இரும்பு போடலாம். நான் நிக்கல் கலந்த செம்பு போடச் சொன்னேன், கறள் பிடிக்காது, கையால் வளையும். தனிச் செம்பு வேண்டாம். ஊரில் போட்டது வேறு வழியில்லாமல். எஞ்சினின் அதிர்வில் செம்பு இறுகி இறுகி ஒரு நாள் வெடிக்கும். ஊரில் கெட்டித்தனமாக இருந்த வேலை இங்கே சோம்பல் ஆகிவிடுகிறது, செம்பு அதே செம்புதான்.

ஹோஸ் வாங்கும்போது கியர்பொக்ஸ் ஒயிலுக்கென்றே செய்த ஹோஸா என்று மேலே அச்சடித்திருப்பதை வாசி. கடையில் நிற்கிற பிள்ளை எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லும். நுனியைச் சதுரமாக வெட்டு. குழாய் நுனியில் உருட்டி எழுப்பின விளிம்பைத் தாண்டி ஒரு அங்குலமாவது உள்ளே போகவேண்டும். உள்ளே துளி ஒயில் தடவினால் போகும். கிளிப் விளிம்புக்குப் பின்னால் இருக்க வேண்டும், மேலே இல்லை. துளைப்பல் கிளிப்பை எறிந்துவிட்டு, உட்பக்கம் வழுவழுப்பான பட்டியுள்ளதைப் போடு. அதை இறுக்குகிறதில்தான் ஆளின் குணம் தெரியும். ரப்பர் கொஞ்சம் பிதுங்கும்போது நிற்பாட்ட வேண்டும். நீ இன்னும் ஒரு சுற்றுக் கொடுக்கப் போனாய். ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் இறுக்குகிற கைதான் ரப்பரை வெட்டுகிறது. உன் தங்கச்சி எங்கே போகிறாள், யாரோடு கதைக்கிறாள் என்று நீ கேட்கிற கேள்விகளை அம்மா எனக்குச் சொன்னாள். அதைப் பிறகு நேரில் கதைப்போம்.

கறுப்பு ரேப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் காரில் மட்டும் நான் அதைக் காண்பதில்லை. உன் அப்பாவும் சித்தப்பாவும் காணிக் கதையில் முகம் பாராமல் இருந்தது உனக்குத் தெரியும். உன் மச்சாளின் கலியாணத்துக்கு முதல் கிழமை நாங்கள் பெரியவர்கள் கூடி, கலியாணம் முடியட்டும், பிறகு கதைப்பம் என்று சொன்னோம். அந்த நேரத்துக்கு அது சரியான வேலை. பிள்ளையின் கலியாணம் தடைப்படாமல் நடந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றார்கள். அந்தப் படம் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது, காணிக் கதை மட்டும் அப்படியே கிடக்கிறது. படத்தைப் பார்த்து எல்லாம் சரியென்று நினைக்கிறோம். கடன் அட்டைக்கு மாதம் மாதம் ஆகக் குறைந்த காசை மட்டும் கட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். வேலை போன மாதத்தில் அதுதான் வழி, நானும் அதைத்தான் சொல்லுவேன். வேலை திரும்பக் கிடைத்த பிறகும் அதே தொகை போனால், வீட்டில் யாருக்கும் தெரியாமல் போனால், அது ரேப். உனக்கும் ஒரு அட்டை இருக்கிறது. எவ்வளவு என்று கேட்கமாட்டேன், எழுதி மேசையில் ஒட்டி வை என்று மட்டும் சொல்லுவேன். சமாளிக்காமல் ஒருவராலும் வாழ முடியாது. எங்கள் ஊரே சமாளித்துத்தான் உயிரோடு இருந்தது. எது சமாளிப்பு என்று நாடா கட்டி வைக்காதவன்தான் பிறகு நடுறோட்டில் நிற்பான்.

இனி மிச்ச வேலை. இறங்கினது ஒரு லீற்றருக்குள்தான் இருக்கும், அளந்து ஊற்று. பெயர் டெக்ஸ்ரொன், வேறு எதையும் ஊற்றாதே. அளவு பார்க்கிறது எஞ்சின் ஒயில் மாதிரி இல்லை: கார் சமதரையில், எஞ்சின் சூடாக, ஓடிக்கொண்டு, கியர் பார்க்கில் இருக்கும்போதுதான் கோலை இழுத்துப் பார்க்க வேணும். கூடினாலும் பிழை, நுரைக்கும். ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து, ஆறின பிறகு கிளிப்புகளை ஒருக்கால் தொட்டுப் பார். புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் படியும். நிலத்தில் சிந்தினதுக்கு மேல் பூனைக்கு வைக்கிற மண்ணைக் கொட்டிவிட்டேன், ஒரு இரவு கிடந்தால் உறிஞ்சிவிடும், நாளைக்குக் கூட்டி அள்ளு. பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்து, எடுக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொடு. வாசல் வடிகாலில் ஊற்றினால் அது ஏரிக்குத்தான் போகும், நாங்கள் குடிக்கிறது அந்த ஏரியை.

இன்னொன்று. அந்தப் பக்கத்து மற்றக் குழாயை நாங்கள் மாற்றவில்லை. கறள் மேலால்தான் இருக்கிறது, இந்த வருசம் தாங்கும் என்று நினைக்கிறேன். அதில் ஒரு சிவப்புத் துணி நாடா கட்டியிருக்கிறேன், கழற்றாதே. காரைப் போர்த்தி வைக்கிற காலம் வருமுன் அதையும் செய்வோம். அதற்கிடையில் காரை விற்கிற எண்ணம் வந்தால், வாங்குகிறவனுக்கு நாடாவைக் காட்டி விலையைக் குறை.

ரேடியேற்றரும் காரின் வயதுதான். தொட்டிக்குள் கிடக்கிற அந்தச் சின்னக் குளிர்விப்பான் உள்ளே பிளந்தால் வெளியில் ஒரு சொட்டும் விழாது. தண்ணீரும் ஒயிலும் உள்ளேயே கலக்கும். கோலை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் சிவப்பாக இல்லாமல், பால் விட்ட ரோஸ் நிறத்தில் இருந்தால் எஞ்சினை உடனே நிற்பாட்டு. தண்ணீர் பட்டால் உள்ளே கிளச்சில் ஒட்டியிருக்கிற உராய்வுத் தாள் கழன்றுவிடும், பிறகு உண்மையாகவே கியர்பொக்ஸ் இறக்கத்தான் வேணும். வீடு கிட்ட என்று ஓட்டிக்கொண்டு வராதே. இழுவை லொறிக்குச் சொல்லு, பிறகு எனக்கு ஃபோன் எடு.

மாமா
ஸ்காபரோ